கோல்ட் ப்ரூ சரியாக வரவில்லையா? கொட்டையிலிருந்து தொடங்குங்கள்: டார்க் ரோஸ்ட் காபிக்கான பிழை நீக்கும் வழிமுறை

மார்ச் பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் உறவினர், நண்பர் வீடுகளிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை கோல்ட் ப்ரூ, அதாவது குளிர்ந்த நீரில் மணிக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் காபி, பற்றியவை. "பதினாறு மணி நேரம் ஊறவைத்தேன், வேப்பங்காயாகக் கசக்கிறது" என்பார் ஒருவர். "பார்க்கக் கறுப்பு, குடித்தால் தண்ணீர்" என்பார் இன்னொருவர். எல்லோரும் ஊறும் நேரத்தையே கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டுத்தான் அழைக்கிறார்கள். எட்டு ஆண்டுகளாக இதே பிழைகளைத் திருத்தி வந்ததில் நான் கண்டது இதுதான்: நேரத்தில் தவறு இருப்பது குறைவு. வாங்கிய கொட்டையிலோ அரைத்த விதத்திலோதான் தவறு அதிகம். குளிர்ந்த நீர் கொட்டையில் உள்ளதைத்தான் எடுத்துக் கொடுக்கும். கருகியதை அது சரிசெய்யாது.

கீழே சொல்பவை எல்லாம் இந்த அளவை வைத்துச் சொல்பவை: 100 கிராம் காபி, 800 மில்லி தண்ணீர், ஃபிரிட்ஜில் 16 மணி நேரம். சக்கை தன் எடையைப் போல இரண்டு மடங்கு நீரைப் பிடித்துக்கொள்வதால், வடித்தால் சுமார் 600 மில்லி டிகாக்‌ஷன் கிடைக்கும். குடிக்கும்போது அதற்குச் சம அளவு தண்ணீரோ பாலோ சேர்க்க வேண்டும். தூளின் பதம் ரவையைவிடப் பருமனாக, கல் உப்பை ஒன்றிரண்டாக இடித்தது போல இருக்க வேண்டும்.

சோதனைக்கு முழு அளவையும் வீணாக்காதீர்கள். 20 கிராம் காபி, 160 மில்லி தண்ணீர், ஒரு சிறிய கண்ணாடிப் புட்டி போதும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது கைகொடுத்தது என்று தெரியாது.

எந்தக் குறையாக இருந்தாலும்: முதலில் இந்த இரண்டு நிமிடச் சோதனை

கொட்டையாக வாங்கியிருந்தால் பத்துக் கொட்டைகளை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி, இன்னொரு தாளால் மூடி, உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். பிறகு பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

தாளில் கறையே இல்லை, கொட்டை மங்கிய பழுப்பாக இருக்கிறது என்றால், உறையில் என்ன எழுதியிருந்தாலும் அது டார்க் ரோஸ்ட் (நன்கு கறுக்க வறுத்தது) இல்லை, நடுத்தர வறுவல். கொட்டை அடர் பழுப்பாக, அங்கங்கே ஊசிமுனை அளவுக்கு எண்ணெய்ப் புள்ளி தெரிகிறது என்றால், கோல்ட் ப்ரூவுக்கு நான் தேடும் வறுவல் அதுவே. கொட்டை கரிய நிறத்தில் பளபளத்து, தாள் முழுக்க எண்ணெய் பரவியிருந்தால், மிகவும் கடந்து வறுத்தது, அல்லது வறுத்து நாளானது.

தூளாக வாங்கியிருந்தால் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி அரைத் தேக்கரண்டித் தூளை மேலே தூவுங்கள். காபித்தூள் மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் பழுப்புக் கோடுகளை இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையமே வீட்டில் செய்து பார்க்கச் சொல்லும் சோதனைதான் இது. நம் ஊர் ஃபில்டர் காபித்தூள் பலவற்றில் 20 முதல் 40 சதவீதம் வரை சிக்கரி இருக்கும். காபி–சிக்கரிக் கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருந்தால் போதும் என்பதே விதி. உறையில் விகிதம் அச்சாகியிருக்கும், படித்துப் பாருங்கள். டார்க் ரோஸ்ட் என்று நினைத்துச் சிக்கரியின் நிறத்தை வாங்கி வந்தவர்கள் ஏராளம்.

இந்தச் சோதனையின் விடையைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் குறைக்குப் போங்கள்.

## குறை: கரியைக் கடித்தது போன்ற கசப்பு

கலந்து குடிக்கிறீர்களா? பனிக்கட்டி உருகித் தண்ணீராகிவிடும் என்று நினைத்து டிகாக்‌ஷனை அப்படியே ஊற்றிக் குடிப்பவர்கள் உண்டு. ஒரு கரண்டி டிகாக்‌ஷனுக்கு இரண்டு கரண்டி தண்ணீர் சேர்த்துச் சுவைத்துப் பாருங்கள். கசப்பு அடங்கிக் காபி மணம் மேலே வந்தால் குறை தீர்ந்தது. நீர் சேர்த்தும் கரி வாடை தனியாகத் தெரிந்தால் அடுத்ததற்கு வாருங்கள்.

வெளியே வைத்து ஊறவைத்தீர்களா? "அறை வெப்பத்தில் 12 மணி நேரம்" என்று எழுதும் குறிப்புகள் குளிர் நாட்டு அறையை மனத்தில் வைத்தவை. அங்கே அறை 20 டிகிரி. மே மாதத்துச் சென்னைச் சமையலறை 35 டிகிரி. டார்க் ரோஸ்ட் கொட்டை சாறை எளிதில் விட்டுவிடும். அந்த வெப்பத்தில் நல்லதெல்லாம் முதல் சில மணி நேரத்திலேயே இறங்கிவிடும். அதன் பிறகு இறங்குவது கசப்புதான். ஃபிரிட்ஜுக்குள் மாற்றுங்கள். கோடையில் வெளியே ஊறவைப்பதை நான் அறவே விட்டுவிட்டேன். கெட்டுப்போகும் பயமும் இருக்கிறது.

தூள் மாவாக இருக்கிறதா? டார்க் ரோஸ்ட் கொட்டை நொறுங்கக்கூடியது. மிக்ஸியில் அரைத்தால் பாதி கல்லாகவும் பாதி மாவாகவும் வரும். அந்த மாவுதான் கசப்பைக் கக்குகிறது. 20 கிராம் தூளை மாவுச் சல்லடையில் சலித்துப் பாருங்கள். கால் பங்குக்கு மேல் கீழே விழுந்தால் குறை இங்கேதான். மிக்ஸியில்தான் அரைக்க வேண்டும் என்றால் விட்டுவிட்டு அரையுங்கள்: இரண்டு நொடி ஓட்டி, நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மீண்டும் இரண்டு நொடி. சலித்து, மேலே நிற்பதை மட்டும் ஊறவையுங்கள். கீழே விழுந்த மாவு வீணில்லை. மறுநாள் காலை ஃபில்டருக்கு ஆகும்.

கொட்டையே கருகியதா? ஒரு கொட்டையை வாயில் போட்டு மென்று பாருங்கள். நல்ல டார்க் ரோஸ்ட் கசக்கும். ஆனால் பின்னால் கருப்பட்டியோ கோகோவோ போன்ற ஓர் இனிப்பு வரும். கருகியது முதலிலிருந்து கடைசி வரை சாம்பலாகவே இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் இரண்டு தேக்கரண்டித் தூளில் கொதிநீர் ஊற்றி நான்கு நிமிடம் கழித்துக் குடியுங்கள். சூடாகக் குடித்தாலும் சாம்பல் ருசி இருந்தால் ஊறும் நேரத்தைத் திருத்திப் பயனில்லை. இருக்கும் பாக்கெட்டைத் தீர்க்க ஒரு வழி: அதே எடைக்கு நடுத்தர வறுவல் கொட்டையைச் சேர்த்து, 10 மணி நேரம் மட்டும் ஊறவையுங்கள். குடிக்கத்தக்கதாகும், அவ்வளவுதான்.

ரகம் என்ன? கொட்டைக் கடைகளில் வழங்கும் மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கழுவிப் பதப்படுத்திய அராபிகா 'பிளாண்டேஷன்'. கழுவிப் பதப்படுத்திய ரோபஸ்டா 'பார்ச்மென்ட்'. பழத்தோடு உலர்த்தியது, எந்தச் செடியாக இருந்தாலும், 'செர்ரி'. இவற்றில் ரோபஸ்டா செர்ரியைக் கருக வறுத்தால் கோல்ட் ப்ரூவில் ரப்பர் எரிந்த வாடை வரும். விலை குறைவு என்பதால் அதை வாங்கிவந்து ஒரு கோடை முழுவதும் நான் அவதிப்பட்டேன். பிளாண்டேஷன் ஏ (பெரிய கொட்டைத் தரம்) அல்லது பீபெரிக்கு (பழத்துக்குள் ஒற்றையாக விளைந்த உருண்டைக் கொட்டை) மாறியதும் அதே ஜாடி, அதே தண்ணீர், அதே நேரத்தில் கசப்பு ஓடிவிட்டது.

*யாரை அழைப்பது:* வெவ்வேறு தேதியிட்ட இரண்டு பாக்கெட்டுகளிலும் சாம்பல் ருசி இருந்தால், வறுப்பவரிடமே போய்ப் பேசுங்கள். என்ன கேட்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

## குறை: நாக்கு வறண்டு இழுக்கிறது

இது கசப்பு இல்லை, துவர்ப்பு. கடுக்காய் மென்றது போல் நாக்கு இழுக்கும். கசப்போடு குழப்பிக்கொண்டு காபியை மாற்றிச் செலவு செய்யாதீர்கள். பெரும்பாலும் வடிகட்டும் கையில்தான் தவறு இருக்கும். கடைசிச் சொட்டு வரை துணியை முறுக்கிப் பிழிகிறீர்கள், அல்லவா? பிழியாமல் தானாக வடிய விட்டு ஒரு முறை பாருங்கள். அதிலும் தீராவிட்டால் தூளைச் சலியுங்கள். அதன் பிறகும் இருந்தால் 16 மணி நேரத்தை 12 ஆக்குங்கள். இதற்கு மேல் யாரையும் அழைக்க வேண்டிய நிலை எனக்கு வந்ததில்லை.

## குறை: நிறம் இருக்கிறது, ருசி இல்லை

கரண்டியால் அளக்கிறீர்களா? வறுபட வறுபடக் கொட்டை பருத்து எடை இழக்கும். அதனால் அதே கரண்டியில் டார்க் ரோஸ்ட் குறைவாகத்தான் நிற்கும். ஒரு கிண்ணம் நடுத்தர வறுவலுக்குப் பதில் ஒரு கிண்ணம் டார்க் ரோஸ்ட் போட்டவருக்குக் காபி சப்பென்றுதான் இருக்கும். சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். இந்த ஒரு திருத்தத்தில் பாதிப் பேரின் குறை தீர்ந்துவிடுகிறது.

தூள் முழுவதும் நனைந்ததா? வறுத்து இரண்டு மூன்று நாளே ஆன கொட்டை காற்றை வெளியே தள்ளும். தூள் கட்டியாக மேலே மிதந்து, நடுப்பகுதி காய்ந்தபடியே 16 மணி நேரம் கிடக்கும். வடிக்கும்போது சக்கையைப் பிளந்து பாருங்கள். உள்ளே வெளிறிய உலர்ந்த தூள் இருந்தால் இதுதான் காரணம். முதலில் 200 மில்லி தண்ணீர் மட்டும் ஊற்றிக் கிளறி, பத்து நிமிடம் விட்டு, மீதியை ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை கிளறுங்கள். டார்க் ரோஸ்ட் வறுத்து ஐந்தாறு நாள் கழிந்த பின் கோல்ட் ப்ரூவுக்கு எடுப்பது நல்லது.

பாக்கெட்டில் தேதி என்ன? 'சிறந்த பயன்பாட்டுக் காலம்' என்று ஒன்பது மாதம் தள்ளி ஒரு தேதி இருக்கும். அதைப் பார்க்காதீர்கள். வறுத்த தேதியைப் பாருங்கள். டார்க் ரோஸ்ட் கொட்டைக்கு ஒரு மாதம், தூளுக்கு ஒரு வாரம். அதற்குப் பின் மணம் பறந்து, கசப்பும் நிறமும் மட்டும் எஞ்சும். வறுத்த தேதி போடாத பாக்கெட்டை நான் கையில் எடுப்பதில்லை.

சிக்கரியா? தம்ளர் சோதனையில் பழுப்புக் கோடுகள் இறங்கியிருந்தால் நிறத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது. சிக்கரி கூடாது என்பதில்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சிக்கரி கலந்த காபியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பாலுடன் குளிரக் குடிக்கும் வழக்கம் உண்டு. ஆனால் 40 சதவீதம் சிக்கரி உள்ள தூளில் காபியின் மணத்தைத் தேடினால் கிடைக்காது. சிக்கரி ருசி பிடித்தவர்கள் தனிக் காபி வாங்கி, பத்தில் ஒரு பங்கு மட்டும் தாங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

தண்ணீர்? ஆர்.ஓ. இயந்திரத்து நீரில் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 20, 30 என்று மிகவும் இறங்கியிருந்தால் காபி தட்டையாக வரும். போர்வெல் நீர் உப்பாக இருந்தாலும் மணம் அமுங்கிவிடும். 75 முதல் 150 வரை எனக்கு நன்றாக அமைகிறது. சோதனை எளிது: இரண்டு புட்டிகளில் ஒரே காபியைப் போட்டு, ஒன்றில் வீட்டுத் தண்ணீர், மற்றதில் கடையில் வாங்கிய குடிநீர் ஊற்றி ஊறவையுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் தண்ணீரை விட்டுவிடுங்கள்.

*யாரை அழைப்பது:* வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் ஆர்.ஓ. பழுதுபார்ப்பவரை அழைத்து டி.டி.எஸ். அளவைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பல இயந்திரங்களில் அதற்கென்று ஒரு திருகு உள்ளேயே இருக்கிறது. நீங்களாகத் திறக்க வேண்டாம்.

## குறை: டார்க் ரோஸ்ட், ஆனாலும் புளிக்கிறது

இங்கே பாதை இரண்டாகப் பிரியும். ஊறி முடிந்த அன்றே புளிக்கிறதா, வைத்திருந்து மூன்றாம் நாள் புளிக்கிறதா?

அன்றே புளித்தால்: ஒரு கொட்டையை எடுத்துக் கரண்டியின் முதுகால் நசுக்கிப் பாருங்கள். மேல்தோலும் உட்புறமும் ஏறக்குறைய ஒரே நிறமாக இருக்க வேண்டும். மேலே கரும்பழுப்பு, உள்ளே வெளிறிய மரப்பட்டை நிறம் என்றால், தீயைக் கூட்டி அவசரமாக வறுத்த கொட்டை அது. வெளியே கசப்பும் உள்ளே பச்சைப் புளிப்பும் சேர்ந்து வரும். இதற்கு வீட்டில் மருந்தில்லை, கடையை மாற்றுவதுதான். உட்புறம் சரியாக இருந்தால், தூள் மிகவும் பருமனாக இருக்கலாம். சற்றுச் சிறிதாக அரையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நேரத்தை 20 மணி வரை நீட்டுங்கள். ஃபிரிட்ஜின் மேல்தட்டில், உறைபெட்டியின் அருகே வைத்தால் தண்ணீர் மிகவும் குளிர்ந்து சாறு இறங்காது, நடுத்தட்டுக்கு மாற்றுங்கள்.

புளிப்பு அறவே ஆகாது என்பவர்களுக்கு மான்சூன்டு மலபார் பொருந்தும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் பருவக்காற்றின் ஈரத்தில் பரப்பி வைத்து, கொட்டை ஊதி வெளிறிய பின் எடுப்பது அது. புவிசார் குறியீடு பெற்றது. புளிப்பு மிகக் குறைவு, வாயில் கனமாக நிற்கும், கொஞ்சம் மண்வாசனை. ஊதிய கொட்டை என்பதால் இதையும் கரண்டியால் அளக்காதீர்கள்.

மூன்றாம் நாள் புளித்தால்: அது கெட்டுவிட்டது. மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்ற சத்தம், மேலே நுரை, வழவழப்பான படலம், பூஞ்சை – இவற்றில் ஒன்று இருந்தாலும் சுவைத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். அடுத்த முறை ஜாடியையும் மூடியின் ரப்பர் வளையத்தையும் வெந்நீரில் கழுவி உலர்த்துங்கள். டிகாக்‌ஷன் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். தண்ணீர் கலந்ததை இரண்டு நாளிலும், பால் கலந்ததை அன்றே முடித்துவிட வேண்டும்.

*யாரை அழைப்பது:* சுத்தமாகச் செய்தும் மூன்று நாளில் கெட்டால் ஃபிரிட்ஜைச் சந்தேகியுங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு இரவு முழுவதும் நடுத்தட்டில் வையுங்கள். காலையில் 5 டிகிரிக்கு மேல் காட்டினால், கதவின் ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. மெக்கானிக்கை அழைக்க வேண்டிய நேரம் அது. அந்த ஃபிரிட்ஜில் பாலும் மாவும்கூட நிற்காது.

## குறை: சிக்கு வாடை, மேலே எண்ணெய்ப் படலம்

மெல்லிய பளபளப்பு மட்டும் மிதந்தால் கவலை வேண்டாம். டார்க் ரோஸ்டுக்கு அது இயல்பு. பழைய எண்ணெய்ப் பலகாரம் போன்ற வாடை வந்தால்தான் குறை.

துணியை முதலில் முகருங்கள். காபி எண்ணெய் இழையில் ஊறி, நாள்பட்டுச் சிக்கடிக்கும். துணியைச் சோப்புத்தூள் போடாமல் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் உலர்த்துங்கள். அடுத்தது அரைக்கும் இயந்திரம்; எண்ணெய் வழியும் கொட்டையை அரைத்தால் பற்களிலும் வாயிலும் பழைய தூள் அப்பி நிற்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, காய்ந்த தூரிகையால் சுரண்டி எடுங்கள். தண்ணீர் படக் கூடாது. இரண்டும் சுத்தம் என்றால் கொட்டைதான். மேற்பரப்பில் எண்ணெய் வந்த கொட்டை காற்றுப்பட்டால் வெகு சீக்கிரம் சிக்கடிக்கும். கண்ணாடி போலப் பளபளக்கும் கொட்டை அழகாக இருக்கிறது என்று அரைக் கிலோ வாங்காதீர்கள். 250 கிராம் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

பற்கள் மழுங்கிப்போய் அரைப்பு ஒழுங்கில்லாமல் வந்தால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். பற்களை மட்டும் மாற்ற முடியும்; புது இயந்திரம் வாங்க வேண்டியதில்லை.

## குறை: காபியில் வேறு ஏதோ வாசம்

என் அண்ணி வீட்டில் நடந்தது. நல்ல கொட்டை, சரியான வறுவல், நான் சொன்ன அளவு. ஆனாலும் "சோப்புக் கட்டியைக் கரைத்தது போல் இருக்கிறது" என்று புலம்பினார். துணி மாற்றினோம், ஜாடி மாற்றினோம், கடையையும் மாற்றினோம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நேரில் போய் ஃபிரிட்ஜைத் திறந்தபோது புரிந்துவிட்டது. ஜாடிக்கு மேல்தட்டில், ஈரத்துணியில் சுற்றிய நாலு முழம் மல்லிகைப்பூ. ஜாடியின் வாயில் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடியிருந்தார். திருகு மூடி இல்லை. காபி அதன் அருகில் உள்ள எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். இரவு முழுவதும் மல்லிகையை இழுத்து, காலையில் அது குளியலறை வாசனையாக வந்திருக்கிறது. திருகு மூடி போட்டதும் குறை தீர்ந்தது. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. முதல் நாளே ஃபிரிட்ஜைத் திறந்து காட்டச் சொல்லியிருக்க வேண்டும், மூன்று பாக்கெட் நல்ல காபி மிஞ்சியிருக்கும்.

ஆகவே வரிசை இது: முதலில் மூடி. பிறகு தட்டில் அண்டையில் இருப்பவை: இட்லி மாவு, பூண்டு, பூ, நேற்றைய மீன்குழம்பு. பிறகு மிக்ஸி ஜார். மல்லித்தூள் அரைத்த ஜாரில் காபி அரைத்தால் எத்தனை கழுவினாலும் தனியா வாசம் வரும், காபிக்கென்று ஒரு ஜார் ஒதுக்குங்கள். கடைசியாக, கொட்டையையோ தூளையோ ஃபிரிட்ஜில் வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

## குறை: வடியவே இல்லை, அடியில் மண்டி தங்குகிறது

மாவுத்தூளும் சிக்கரியும்தான் துணியின் கண்களை அடைப்பவை. ஃபில்டருக்காகக் கடையில் அரைத்துக் கொடுக்கும் தூளைக் கோல்ட் ப்ரூவுக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும். கடையில் வாங்கும்போதே "சிக்கரி வேண்டாம், இருப்பதிலேயே கரகரப்பாக அரையுங்கள்" என்று சொல்லுங்கள். முன்னால் வந்தவருக்கு அரைத்த சிக்கரித் தூள் இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் என்பதால், முதலில் விழும் கைப்பிடித் தூளைத் தனியாகக் கட்டித் தரச் சொல்வது என் வழக்கம்.

வீட்டில் ஏற்கெனவே மண்டியாகிவிட்டதா? அலுங்காமல் இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் தெளியவிட்டு, மேல்நீரை மெல்ல இறுத்து, இரண்டாக மடித்த வேட்டித்துணியில் மறுபடி வடியுங்கள். அடியில் தங்கிய இரண்டு அங்குலத்தை விட்டுவிடத் தயங்காதீர்கள்.

## குறை: பால் ஊற்றினால் திரிகிறது, அல்லது காபி காணாமல் போகிறது

திரிந்தால் பாலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதே பாலில் இரண்டு கரண்டி எடுத்துக் கொதிக்கவையுங்கள். தனியாகவே திரிந்தால் காபி குற்றவாளி இல்லை. பால் நன்றாக இருந்தும் திரிந்தால் டிகாக்‌ஷன் புளித்திருக்கிறது. மேலே சொன்ன 'மூன்றாம் நாள்' பகுதிக்குப் போங்கள்.

பாலில் ருசி மறைந்தால், முதலில் 100 கிராமுக்கு 600 மில்லி தண்ணீர் என்று குறைத்துப் பாருங்கள். அதிலும் போதாவிட்டால் ரோபஸ்டா பார்ச்மென்ட் 20 முதல் 30 சதவீதம் கலந்த டார்க் ரோஸ்ட் வாங்குங்கள். செர்ரி வேண்டாம். நம் நாக்கு பழகிய ஃபில்டர் காபியின் அழுத்தம் ரோபஸ்டாவில்தான் இருக்கிறது. கறுப்பாகக் குடிப்பவருக்கு முழு அராபிகா, பாலோடு குடிப்பவருக்குக் கொஞ்சம் ரோபஸ்டா என்று என் வீட்டில் இரண்டு டப்பாக்கள்.

## குறை: படபடப்பு, தூக்கமின்மை

கோல்ட் ப்ரூ மென்மையாக இறங்குவதால் அளவு தெரியாமல் குடித்துவிடுகிறோம். அராபிகாக் கொட்டையில் காஃபின் எடைக்கு 1.2 சதவீதம் என்று வைத்தால், என் அளவில் 100 மில்லி டிகாக்‌ஷனில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் இறங்கும். ரோபஸ்டா என்றால் ஏறக்குறைய இரு மடங்கு. ஆரோக்கியமான பெரியவருக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் வரை என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் அளவு. கர்ப்பிணிகளுக்கு 200 என்று மகப்பேறு மருத்துவர்கள் சொல்கிறார்கள். வறுவல் கறுத்தால் காஃபின் கூடும் என்பதும், குறையும் என்பதும் இரண்டுமே நம்பிக்கைதான். எடையில் நிறுத்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

முதலில் டிகாக்‌ஷனைப் பாதியாக்கி, மதியம் இரண்டு மணிக்குப் பின் குடிப்பதை நிறுத்துங்கள். ரோபஸ்டா கலந்திருந்தால் முழு அராபிகாவுக்கு மாறுங்கள். குறைத்த பின்னும் நெஞ்சு படபடத்தாலோ, இதய நோய், இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவராக இருந்தாலோ, காபியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இதில் என் அனுபவத்தை நம்ப வேண்டாம்.

## குறை: ஒவ்வொரு பாக்கெட்டும் ஒவ்வொரு ருசி

ஒரே பெயர், ஒரே கடை, ஆனால் போன மாத ருசி இந்த மாதம் இல்லை. உங்கள் பக்கம் அளவும் நேரமும் மாறவில்லை என்பதை ஒரு நோட்டில் எழுதி உறுதிசெய்யுங்கள். பாக்கெட்டின் ஒரு கைப்பிடிக் கொட்டையைத் தேதி எழுதிச் சிறு உறையில் பத்திரப்படுத்துங்கள். அடுத்த பாக்கெட்டை அதன் பக்கத்தில் வைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். நிறம் மாறியிருந்தால் வறுவல் மாறியிருக்கிறது. நிறம் ஒன்றே என்றால் கொட்டை மாறியிருக்கிறது. நம் மலைகளில் அராபிகா அறுவடை நவம்பரிலிருந்து ஜனவரி வரை, ரோபஸ்டா அதற்குப் பின். பழைய விளைச்சல் தீர்ந்து புதியது வரும்போது ருசி நகரும்.

இதற்குமேல் வீட்டில் செய்வதற்கில்லை. சிறிய அளவில் வறுத்துக் கொடுக்கும் ஒருவரைத் தேடிப் போங்கள். 'டார்க் ரோஸ்ட் கொடுங்கள்' என்று மட்டும் கேட்டால் அவர் நினைக்கும் கறுப்பு ஒன்று, நீங்கள் நினைப்பது வேறொன்று. வெடிப்பைச் சொல்லிக் கேளுங்கள். வறுபடும்போது கொட்டை முதலில் சோளப்பொரி போலப் பட்பட்டென்று வெடிக்கும். பிறகு அமைதியாகும். சற்று நேரத்தில், 225 டிகிரியை ஒட்டி, தாளிப்பில் கடுகு வெடிப்பது போல் மெல்லிய சடசடப்பு இரண்டாவதாகத் தொடங்கும். கோல்ட் ப்ரூவுக்கு அந்தச் சடசடப்பு தொடங்கிய சில நொடிகளில் இறக்கச் சொல்லுங்கள். ஓயும் வரை விட்டால் சாம்பல். சேர்வராயனோ சிக்கமகளூரோ குடகோ, எந்தத் தோட்டத்து பிளாண்டேஷன் ஏ என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் முறை 250 கிராம் போதும். வறுத்த ஆறாம் நாள் 20 கிராமை எடுத்து, சிறிய புட்டியில் ஊறப்போடுங்கள்.